அந்த மஞ்சள் இறகைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கிளி ஒன்று இருக்கிறது. பெயர் முத்து. சந்தையில் ஒருவரிடம் குஞ்சாக வாங்கினோம். என் மகன்தான் ஊட்டி வளர்த்தான். முதலில் தோளில் ஏறி விளையாடியது. இப்போது கையை நீட்டினாலே கடிக்கிறது. கழுத்தில் ஆரம் வரவில்லை, அதனால் பெண் என்று நினைக்கிறோம். சூரியகாந்தி விதையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. மகன் அடுத்த மாதம் படிப்புக்காகப் பிரான்ஸ் போகிறான். கூண்டு வராந்தாவில் தொங்குகிறது. மாலையில் வெளிக்கிளிகள் அதன்மேல் வந்து உட்கார்ந்து கத்தும். முத்துவும் பதிலுக்குக் கத்தும். "தன் இனத்தோடு போகத் துடிக்கிறது. பிளாக் ரிவர் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், புண்ணியம்" என்கிறார் என் கணவர். எனக்கோ துணைக்கு இன்னொரு கிளி வாங்கலாமா என்று தோன்றுகிறது. எது சரி? (பின்குறிப்பு: சில வாரங்களாகச் சிறகில் இரண்டு மூன்று மஞ்சள் இறகுகள் முளைத்திருக்கின்றன. அதிர்ஷ்டம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.)
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதிய அந்தப் பின்குறிப்பைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மஞ்சள் இறகுகளை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த இறகுகளைப் பொறுத்திருக்கிறது.

கிளியின் இறகில் பச்சை என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. மஞ்சள் நிறமி ஒன்று இருக்கிறது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. இறகு முளைக்கும் காலத்தில் உடம்பில் ஏதோ கோளாறு நேர்ந்து அந்த அமைப்பு சரியாக உருவாகாவிட்டால் நீலம் போய்விடும். மஞ்சள் மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் காரணம் சத்துக் குறைவு, அல்லது கொழுப்பேறிய ஈரல். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்கு இவை இரண்டுமே வரக்கூடியவை. ஆனால் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதை நினைத்துத்தான் இந்தப் பதிலை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். அலகு-இறகு நோய் என்று கால்நடை மருத்துவர்களான நாங்கள் சொல்லும் வைரஸ் நோய் அது. இறகு முளைக்கும் குழியையும், அலகு வளரும் இடத்தையும், உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் அது தாக்குகிறது. மருந்து கிடையாது. எச்சத்திலும், இறகிலிருந்து உதிரும் தூளிலும் பரவும். கூட்டை விட்டுக் கிளி போன பிறகும் வைரஸ் அங்கே நெடுநாள் உயிர்த்திருக்கும். நோய் தொற்றிய கிளி மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில்கூட, பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகுகளைப் பொறுக்கி, விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல இறகின் தண்டு அடிவரை ஒரே சீராக, கண்ணாடிக் குழாய் போல வெறுமையாக இருக்கும். நோய்ப்பட்ட இறகு குட்டையாக இருக்கும். அடிப்பாகத்தில் யாரோ நூலால் இறுக்கிக் கட்டியது போல ஒடுங்கியிருக்கும். தண்டுக்குள் காய்ந்த இரத்தம் கருப்பாகத் தெரியும். மேலே மூடியிருக்கும் உறை பிரியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் காகித உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படாவிட்டாலும் பரிசோதனை தேவைதான். கோவிட் காலத்தில் நம் எல்லோருக்கும் பழகிப்போன அதே பி.சி.ஆர். சோதனையை ஒரு துளி இரத்தத்திலும் சில இறகுகளிலும் செய்யலாம். நோய் இருக்கிறது என்று முடிவு வந்தாலும் கிளி செத்துவிடும் என்று பொருள் இல்லை. வளர்ந்த கிளிகளில் சில இந்த வைரஸைத் தாமாகவே வென்றுவிடுகின்றன. அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிப்போம்.

இனி உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். கூண்டுப் பறவையைப் பார்த்து மனம் இளகுகிறவர் நல்லவர். அவர்மேல் எனக்கு மரியாதைதான் கூடுகிறது. ஆனால் முத்துவை பிளாக் ரிவர் காட்டில் விடக்கூடாது. அங்கே என்றில்லை, எங்கேயும் விடக்கூடாது.

உங்கள் முத்து மொரிஷியஸில் நாம் காத்தோ என்று அழைக்கும் கிளி. தமிழில் இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று அழகான பெயர் இருக்கிறது; தார் என்றால் மாலை. வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடி விரட்டிய கிளிகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி என்று தெற்காசியாவின் வெப்ப நாடுகளில் இதற்கு நிறையச் சொந்தங்கள் உண்டு. ஆனால் இந்தத் தீவு இதன் ஊர் அல்ல. 1886-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே கொண்டுவரப்பட்டு, தப்பிப் பெருகி, இன்று மக்காச்சோளத்தையும் லிச்சிப் பழத்தையும் தேடிக் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது.

பிளாக் ரிவர் மலைக்காட்டில் இருப்பது வேறு கிளி. எக்கோ கிளி என்றும், காத்தோ வேர் என்றும் சொல்வார்கள். உலகத்தில் மொரிஷியஸைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் மொரிஷியஸ், ரெயூனியன், ரொட்ரிக்ஸ் மூன்று தீவுகளிலும் அவற்றுக்கே உரிய கிளிகள் இருந்தன. மொரிஷியஸின் பேரலகுக் கிளி டோடோ பறவையைப் போலவே அழிந்தது. ரொட்ரிக்ஸ் தீவின் கிளி கடைசியாகப் பிடிக்கப்பட்டது 1875-இல். எஞ்சியது எக்கோ ஒன்றுதான். அதுவும் 1980களில் பத்துப் பன்னிரண்டு கிளிகளாகச் சுருங்கிவிட்டது. ஒரு கல்யாண வீட்டின் இரண்டு பந்தி வரிசையில் உட்காரும் ஆட்களைவிடக் குறைவு! அதிலிருந்து, கூடு கூடாக மரம் ஏறி, பிழைக்காது என்று தெரிந்த குஞ்சுகளை எடுத்து வந்து, கையால் ஊட்டி வளர்த்து, மறுபடியும் காட்டில் சேர்த்து, 2019-க்குள் 750-க்கு மேல் கொண்டுவந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸும் மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையினரும் தேசியப் பூங்காத் துறையினரும் செய்த வேலை அது. இந்தத் தீவில் நடந்த பெரிய நல்ல காரியங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். நம் பள்ளிப் பிள்ளைகள் டோடோவைப் பற்றிப் படிக்கும் அளவுக்கு இதைப் பற்றிப் படிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

2004-05 வாக்கில் அந்தக் காட்டில் அலகு-இறகு நோய் பரவியது. நான் மேலே சொன்ன அதே நோய். மற்ற கிளிகளுக்கு வரும் இந்த நோய், நம் காத்தோவுக்கு மிக நெருங்கிய உறவான எக்கோ கிளியை விட்டுவைக்குமா? அதிகம் அடிபடுபவை குஞ்சுகள்தான். இத்தனை நோய் அபாயத்துக்கு நடுவே, சந்தையிலிருந்து வந்து, பெயர் தெரியாத எத்தனையோ கிளிகளோடு ஒரே பெட்டியில் இருந்து, இப்போது மஞ்சள் இறகும் முளைத்திருக்கும் ஒரு கிளியை அங்கே கொண்டுபோய் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்கள் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். நோயே இல்லாவிட்டாலும், இரண்டு இனமும் கூடு வைப்பது மரப்பொந்தில்தான். பொந்து விழும் அளவுக்கு வயதான மரங்கள் நம் காட்டில் கொஞ்சம்தான். நல்ல நிலையில் இருக்கும் பூர்வீகக் காடு இந்தத் தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

முத்துவுக்கும் அது நன்மை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளியை என்னிடம் கொண்டுவந்தார்கள். வளர்த்தவர்கள் நல்லெண்ணத்தோடு பறக்கவிட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் கரும்புக் காட்டு வரப்பில் ஒரு தொழிலாளி கண்டெடுத்திருக்கிறார். கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனைபோல விரலில் குத்தியது. தொண்டைப்பையில் ஒரு மணிகூட இல்லை. நூற்றிருபது கிராம் இருக்கவேண்டிய கிளி, தராசில் எண்பத்து மூன்று காட்டியது. சுற்றிலும் கொய்யா மரங்கள் பழுத்துத் தொங்கிய மாதம் அது. பழம் என்றால் தட்டில் நறுக்கி வைப்பது என்றுதான் அதற்குத் தெரியும். மரத்தில் தொங்குவதை அது உணவாகவே பார்க்கவில்லை. அன்று இரவே இறந்துவிட்டது.

வெளிக்கிளிகளோடு முத்து பேசுகிறதே என்றால், உண்மைதான். கிளி கூட்டமாக வாழப் பிறந்தது. நீங்கள் கேட்கும் அந்தக் கத்தல் "எங்கே இருக்கிறாய்" என்று ஒன்றையொன்று விசாரிக்கும் குரல். ஒளித்துச் சொல்ல நான் விரும்பவில்லை: கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து விற்பதும் வாங்குவதும் நடக்கவே கூடாது. நம் முன்னோர் வந்த இந்தியாவில் இந்தக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இனி ஒரு குஞ்சை வாங்காதீர்கள். ஆனால் ஏற்கனவே வந்துவிட்ட முத்துவுக்கு இனி நீங்கள்தான் கூட்டம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகூட அது வாழலாம்.

கூண்டை இன்றைக்கே வராந்தாவிலிருந்து உள்ளே எடுத்து வையுங்கள். வெளிக்கிளிகள் மேலே உட்கார்ந்தால் எச்சமும் தூளும் இரண்டு பக்கமும் போய் வரும். முத்துவுக்கு நோய் இருந்தால் அவற்றுக்கு, அவற்றுக்கு இருந்தால் முத்துவுக்கு. ஜன்னலோரம், காலை வெயில் படும்படி, ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி வைத்தால் போதும். புயல் எச்சரிக்கை வரும்போது அலைய வேண்டியதும் இல்லை.

துணைக்கு இன்னொரு கிளி வேண்டாம். சோதனை முடிவு வரும்வரை கட்டாயம் வேண்டாம். முடிவு நல்லபடியாக வந்தாலும் அவசரப்படாதீர்கள். முத்து பெண் என்று முடிவுகட்ட இன்னும் காலம் இருக்கிறது. ஆண் கிளிக்கு ஆரம் முழுதாக வர மூன்று வயதுகூட ஆகும். இறகை வைத்து மரபணுச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். இந்த இனத்தில் பெண்ணின் கைதான் ஓங்கியிருக்கும். பிடிக்காத ஆணைச் சின்னக் கூண்டுக்குள் போட்டால் காலைக் கடித்துக் குதறிவிடும். அப்படி விரல் இழந்து வந்த கிளிகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

கடிப்பதைப் பற்றி. முத்து உங்கள்மேல் கோபமாக இல்லை. குஞ்சுப் பருவம் கழிந்து வளரும்போது இந்த இனத்துக் கிளிகள் பலவும் கடித்துப் பார்க்கும். நாம் பயந்து கையை இழுத்தால், கடித்தால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். சில மாதத்தில் போகவேண்டிய பழக்கம் இப்படித்தான் நிலைத்துவிடுகிறது. அதன் கண்ணைப் பாருங்கள். கருவிழி நடுவே இருக்கும் கரும்புள்ளி திடீரென்று சுருங்கி, விரிந்து, மறுபடியும் சுருங்கினால், உடம்பு ஒட்டிக் கழுத்து நீண்டால், அந்த நேரத்தில் கையை நீட்டாதீர்கள். அது அமைதியாகும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு நீங்களாக விலகுங்கள். ஒரு கொய்யாக் குச்சியை வயிற்றுக்குக் கீழே மெதுவாக வைத்து "ஏறு" என்று சொல்லி, ஏறினால் உடனே அதற்குப் பிடித்த ஒன்றைக் கொடுங்கள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கிக்கொண்டே வந்தால் ஒருநாள் விரலில் ஏறும். முதுகைத் தடவிக் கொடுக்கவேண்டாம். நாய், பூனை போலத் தடவலை இது விரும்புவதில்லை. அருகில் இருந்து பேசுவதுதான் இதற்குப் பாசம்.

சூரியகாந்தி விதையையே பரிசாக வையுங்கள். ஒரு விதை, இரண்டு விதை, அவ்வளவுதான். கிண்ணம் நிறையக் கொட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆனால் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது; பழகாத உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கும் பிடிவாதம் கிளிக்கு உண்டு. முதலில் சமையலறைத் தராசில் தினமும் காலையில் முத்துவை நிறுத்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், வேகவைத்த பூசணி வையுங்கள். விதையைச் சாயங்காலம் கொஞ்சமாகக் கொடுங்கள். உங்கள் கொல்லையில் முருங்கை இருந்தால் ஒரு இணுக்கைக் கழுவி ஈரத்தோடு கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். இலையில் நனைந்து குளித்துக்கொண்டே தின்னும். பார்க்கவே நன்றாக இருக்கும். வைட்டமின் ஏ குறைந்த கிளிக்கு முருங்கைக்கீரையை மிஞ்சிய மருந்தை நான் அறியேன். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். பறவைக்குக் காரம் தெரியாது. கிளிகளுக்கென்று சிறு உருண்டைகளாக விற்கும் பெல்லட் உணவு கிடைத்தால் பாதி உணவாக அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தின்னும் மிளகாய் வடையையும் தால் பூரியையும் பிட்டுக் கொடுக்கவேண்டாம்; அந்த உப்பும் எண்ணெயும் அதன் சின்ன உடம்புக்கு ஆகாது. சாக்லேட் கூடாது. அவகாடோ ஒரு துண்டுகூடக் கூடாது. மனிதருக்கு நல்லதாக இருக்கும் அந்தப் பழம் கிளியின் இதயத்தை நிறுத்திவிடும். அவகாடோ காய்க்கும் காலம் வந்தால் அதைத் தின்ற கிளிகளை என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

கூண்டை உள்ளே கொண்டுவரச் சொல்லிவிட்டதால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதல்ல. காற்று அதில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போகும் நஞ்சும் நம்மைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும். ஒட்டாத பூச்சுப் போட்ட வாணலி அடுப்பில் காய்ந்து கிடந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். நமக்கு வாடைகூடத் தெரியாது. சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும், கற்பூரம் ஏற்றும்போதும், கொசுவத்தி வைக்கும்போதும் முத்துவை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். மீனாட்சியம்மன் கையில் கிளியை வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். வீட்டுக் கிளிக்காகப் புகையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அம்மன் கோபிக்கமாட்டாள்.

வாயில் மென்ற உணவை உங்கள் மகன் அதற்கு ஊட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கூண்டைச் சுத்தம் செய்த பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு காய்ச்சல் உண்டு, நுரையீரலைப் பிடிக்கும். அதற்கும் சேர்த்தே முத்துவைச் சோதித்துவிடலாம்.

மகன் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நாளை முதல் முத்துவுக்குச் சாயங்கால விதையை உங்கள் கணவர் கொடுக்கட்டும். முதல் வாரம் மகன் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டாம் வாரம் வாசலில். மூன்றாம் வாரம் வேறு அறையில். ஊட்டிய கை திடீரென்று மறைந்தால் கிளி தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கக்கூடும்.

உங்கள் ஊருக்கு அருகில் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் யாராக இருந்தாலும் சரி, என்னிடம் வந்தாலும் சரி, இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். கூண்டின் அடியில் விரித்த காகிதத்தை மாற்றாமல் ஒருநாள் எச்சத்தோடு அப்படியே மடித்துக் கொண்டுவாருங்கள். பொறுக்கி வைத்த இறகுகளைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். கூண்டின்மேல் மெல்லிய பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டால் பஸ்ஸில் பயப்படாது. உங்கள் கணவரும் வரட்டும். கூண்டை அவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.